மூன்றாவது ஓரியன்

வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பதற்காகச் சமையலறை அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தோம். அடித்தட்டில் எவர்சில்வர் டப்பாக்களுக்குக் கீழே விரித்திருந்த தாள் ஒரு டப்பாவின் அடியில் ஒட்டிக்கொண்டு கையோடு வந்தது. இரண்டு ஓரங்களிலும் வரிசையாக ஓட்டை போட்ட, மடிப்பு மடிப்பாக நீளும் கம்ப்யூட்டர் தாள். எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சள்தூள் கறையும் ஏறியிருந்தன. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் புள்ளி எழுத்துகள். தேய்ந்த ரிப்பனில் அடித்ததால் அன்றைக்கே சாம்பல் நிறம்தான், இப்போது இன்னும் வெளிறியிருந்தன. ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தேன். ‘வைஸ்ராய்’ என்ற சொல் தெரிந்தது. நாலு வரி தள்ளி ‘செனட்’. ஓரத்தில் பச்சை மையில் அண்ணனின் கையெழுத்து: “இது மட்டும் வந்தாப் போதும்.”

“என்னல அது, உன் சர்ட்டிபிகேட்டா?” என்றாள் அம்மா.

“இல்லம்மா. ஒரு கேம் வரப்போவுதுன்னு நானும் அண்ணனும் காத்துக் கெடந்தோம்லா, அது.”

“சோறு திங்காமக் கெடந்தியளே, அதா?” என்று கேட்டுவிட்டு அடுத்த தட்டுக்குப் போய்விட்டாள்.

அண்ணன் என்றால் பெரியப்பா மகன். பாளையங்கோட்டையில் ஒரு மாடிப்படிக்கு அடியில் டி.டி.பி. சென்டர் வைத்திருந்தான். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி, கோயில் கொடை நோட்டீஸ் எல்லாம் அங்கிருந்த ஒரே கம்ப்யூட்டரில்தான் உருவாகும். தை பிறந்துவிட்டால் அவனுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. புரூஃப் பார்க்க வருகிறவர்கள் ஒவ்வொரு முறையும் விட்டுப்போன ஒரு தாய்மாமன் பெயரோடு வருவார்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. அந்த இரண்டு மாதங்களும் எங்களுக்கு விண்வெளி மாதங்கள். ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு நாற்காலியில் அவனும் ஸ்டூலில் நானும் உட்கார்ந்தால், தெருவில் கடைசி டவுன் பஸ் போன சத்தம்கூடக் கேட்டிருக்காது.

‘மாஸ்டர் ஆஃப் ஓரியன்’ இரண்டாம் பாகம் சிங்கப்பூர் மாமா வழியாக வந்தது. கோடாலித் தைலத்துக்கும் சாக்லெட்டுக்கும் நடுவில் ஒரு சி.டி. மாமாவுக்கு அது என்ன விளையாட்டு என்று தெரியாது. கடையில் கொடுத்தார்கள், வாங்கினேன் என்றார். அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் சிம்டெக்ஸ் என்ற சிறு நிறுவனம் உருவாக்கி, மைக்ரோப்ரோஸ் 1996இல் வெளியிட்டது. முதல் பாகம் 1993இல் வந்தது. ஸ்டீவ் பார்சியா என்பவரின் கற்பனை. இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கறுப்புத் திரையில் சிதறிக் கிடந்த நட்சத்திரங்களில் ஒன்று எங்களுடையது, அதற்கு நாங்களே பெயர் வைக்கலாம். அண்ணன் ‘பாளை’ என்று வைத்தான். என் முதல் கப்பலுக்கு ஆங்கில எழுத்தில் ‘பொருநை’ என்று பெயரிட்டேன்.

ஆட்டம் ஒரு கிரகத்தில் தொடங்கும். கப்பல் அனுப்பி அக்கம்பக்கத்து நட்சத்திரங்களைப் பார்க்க வேண்டும். குடியேற வேண்டும், ஆராய்ச்சி செய்ய வேண்டும், எதிர்ப்படும் இனங்களோடு பேசவோ மோதவோ வேண்டும். ஒருவர் தன் முறையை முடித்த பிறகுதான் அடுத்தவர். நாங்கள் இருவரும் ஒரே கம்ப்யூட்டரில் எதிரெதிர் பேரரசுகளாக ஆடுவோம். என் முறை வரும்போது அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். சுவரில் மாதிரிப் பத்திரிகைகள் வரிசையாகத் தொங்கும். பிள்ளையார், சிலுவை, பிறை எல்லாம் உண்டு. நான் யோசித்து யோசித்து ஆடுவதற்குள் அத்தனை பத்திரிகைகளையும் அவன் படித்து முடித்திருப்பான். “ஏல, இந்தப் பத்திரிகைல ‘சுற்றமும் நட்பும்’ல ஒத்து விட்டுப்போச்சுல. ஒருத்தரும் பாக்கல” என்று சுவரைப் பார்த்தபடியே சொல்லுவான்.

அவன் எப்போதும் சைலான்களைத் தேர்ந்தெடுப்பான். மூளையே பிரதானமான இனம். அந்த விளையாட்டில் ஆராய்ச்சிக்கு ஒரு கடுமையான விதி உண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு மூன்று கண்டுபிடிப்புகள் முன்னால் நிற்கும், ஒன்றை எடுத்தால் மற்றவை கைநழுவிப் போய்விடும். சைலான்களுக்கு மட்டும் எல்லாமே கிடைக்கும். நான் புல்ராத்தி. கரடி முகம் கொண்டவர்கள், தரையில் இறங்கிச் சண்டை போட்டால் அவர்களை வெல்வது கடினம். என் கப்பல்கள் அவனுடையவற்றுக்கு முன்னால் நிற்காது. எப்படியாவது ஒரு படைக் கப்பல் அவன் கிரகத்தில் இறங்கிவிட்டால் கிரகம் எனக்கு. அதற்காகவே இரவெல்லாம் திட்டம் போடுவேன்.

அந்த விளையாட்டில் எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது கிரகத்துக்குள் இருக்கும் குட்டி மனிதர்கள். உழவர்கள் ஒரு வரிசை, தொழிலாளர்கள் ஒரு வரிசை, விஞ்ஞானிகள் ஒரு வரிசை. மவுஸால் ஒருவரைப் பிடித்துத் தூக்கி வயலிலிருந்து ஆலைக்கு மாற்றலாம். உணவு குறையும், உற்பத்தி கூடும், அது கண்ணுக்கு முன்னால் தெரியும். ஒரு பேரரசின் பஞ்சமும் செழிப்பும் அந்தச் சின்ன இடமாற்றத்தில் இருந்தன. கப்பலில் எந்த ஆயுதத்தை எத்தனை பொருத்துவது என்பதும் நம் கையில்தான். விண்மண்டலத்தின் நடுவில் ஓரியன் என்ற கிரகத்தை ஒரு காவல் கப்பல் காத்துக்கொண்டிருக்கும். அதை முதன்முறை வீழ்த்திய இரவில் அண்ணன் ஷட்டரைத் தூக்கிவிட்டுத் தெருவில் இறங்கி நின்றான். பால்காரர் வந்துகொண்டிருந்தார்.

ஒரு குறையும் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. பேரரசு வளர வளர வேலை கூடிவிடும். நாற்பது ஐம்பது கிரகங்கள் சேர்ந்த பிறகு ஒவ்வொரு முறையும் இங்கே கட்டடம் முடிந்தது, அடுத்து என்ன, அங்கே ஆலை முடிந்தது, அடுத்து என்ன என்று கேட்டுக்கொண்டே இருக்கும். ஆட்டத்தின் முதல் பாதியில் ஒரு முடிவுக்குப் பத்து நிமிடம் யோசித்தவர்கள், கடைசிப் பகுதியில் யோசிக்காமல் அழுத்திக்கொண்டே போவோம். ஜெயிப்பது உறுதி என்று தெரிந்த பின் முடிக்காமல் விட்ட ஆட்டங்கள்தான் அதிகம். இந்த வகை வியூக விளையாட்டுகள் எல்லாவற்றுக்கும் இந்த நோய் உண்டு, இன்றைக்கும் இருக்கிறது.

மூன்றாம் பாகம் வரப்போகிறது என்ற செய்தி கிடைத்தபோது நான் கல்லூரியில் சேர்ந்திருந்தேன். சிம்டெக்ஸ் 1997லேயே மூடப்பட்டுவிட்டது. மைக்ரோப்ரோஸை ஹாஸ்ப்ரோ வாங்கி, ஹாஸ்ப்ரோவின் விளையாட்டுப் பிரிவை 2001இல் இன்ஃபோகிராம்ஸ் வாங்கி, ஓரியன் என்ற பெயர் கைமாறிக்கொண்டே இருந்தது. புதிய பாகத்தை உருவாக்கும் பொறுப்பு குவிக்சில்வர் என்ற வேறொரு நிறுவனத்திடம் போயிருந்தது. தலைமை வடிவமைப்பாளர் ஆலன் எம்ரிச். இந்தப் பெயர்தான் எங்களுக்கு நம்பிக்கை தந்தது. 1993இல் ‘கம்ப்யூட்டர் கேமிங் வேர்ல்டு’ இதழில் முதல் ஓரியனைப் பற்றி எழுதியபோது, தேடுவது, பரவுவது, வளங்களை எடுப்பது, எதிரியை அழிப்பது என்று ஆங்கிலத்தில் ‘எக்ஸ்’ ஒலி வரும் நான்கு சொற்களையும் சேர்த்து இந்த வகைக்கே ‘நாலு எக்ஸ்’ என்று பெயர் கொடுத்தவர் அவர். டாம் ஹியூஸ் என்பவரோடு சேர்ந்து முதல் பாகத்துக்கு அதிகாரபூர்வ வழிகாட்டிப் புத்தகமும் எழுதியவர். இந்த விளையாட்டை நேசித்த ஒருவர் கையில்தான் போயிருக்கிறது என்று அண்ணன் நிம்மதியாக இருந்தான்.

வடிவமைப்புக் குழு தங்கள் திட்டங்களை ஒளிக்காமல் இணையத்தில் எழுதிவந்தது. அப்போது பிரவுசிங் சென்டரில் மணிக்கு 30 ரூபாய். பக்கம் திறப்பதற்குள் பாதி நேரம் போய்விடும். உட்கார்ந்து படித்தால் கட்டுப்படியாகாது என்பதால், எழுத்துகளை மட்டும் ஃப்ளாப்பியில் சேமித்துக்கொண்டு சைக்கிளில் அண்ணன் கடைக்கு ஓடுவேன். பில் அடிப்பதற்கு வைத்திருந்த டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் போட்டு எடுப்பான். அந்தக் கீச்சுச் சத்தம் அடங்கும்வரை இருவரும் பேச மாட்டோம். பிறகு தாளை நீளமாகத் தரையில் விரித்து, குனிந்து படிப்போம். ஆங்கிலம் புரியாத இடங்களில் அகராதி. இன்றைக்கு ஒரு விளையாட்டைப் பற்றி ஒரே மாலையில் பத்து வீடியோ பார்த்துவிட முடிகிறது. அன்றைக்கு ஒரு பத்தியை வைத்துக்கொண்டு ஒரு வாரம் பேசினோம்.

பேசுவதற்கு நிறைய இருந்தது. நான் சொன்ன அந்த நோய்க்கு எம்ரிச் ஒரு மருந்து வைத்திருந்தார். பேரரசர் என்பவர் ஒவ்வொரு ஆலையின் வாசலிலும் நிற்க முடியாது. ஆகவே ஆடுகிறவருக்கு ஒவ்வொரு முறையும் குறிப்பிட்ட அளவு கவனப் புள்ளிகள்தான் தரப்படும். ‘இம்பீரியல் ஃபோகஸ் பாயின்ட்’ என்று அதற்குப் பெயர். எதில் தலையிட்டாலும் புள்ளி குறையும். தலையிடாத கிரகங்களை அவற்றின் வைஸ்ராய்கள் பார்த்துக்கொள்வார்கள். நாலு எக்ஸோடு ஐந்தாவதாக ஒரு எக்ஸ் சேர்ப்பதாகவும், அது அனுபவம் என்றும் எழுதினார்கள். ஆட்டத்தை வெல்வதோடு நில்லாமல், ஒரு விண்மண்டல வரலாற்றுக்குள் வாழ வைப்பது நோக்கம்.

அந்தத் தாளின் ஓரத்தில்தான் அண்ணன் பச்சை மையில் எழுதினான்.

அவர்கள் திட்டம் அதோடு நிற்கவில்லை. பதினாறு இனங்கள். வாயுக் கோள்களில் மிதந்து வாழும் உயிர்கள், மற்ற இனங்களின் உடலையே இருப்பிடமாக்கிக்கொள்ளும் ஒட்டுண்ணி இனம், மீனினம், கல்லினம். ஓரியன் செனட்டும் அதன் மசோதாக்களும். குடிமக்களை எவ்வளவு ஒடுக்குவது என்று வைத்துக்கொள்ள ஒரு மானி. ஒவ்வொரு கிரகமும் பகுதி பகுதியாகப் பிரிந்து, ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனித் தொழில். நட்சத்திரங்களுக்கு இடையே பாதைகள். போர் முறை முறையாக ஆடப்படாமல் நேரடி ஓட்டமாக நடக்கும், கப்பல்கள் ஒவ்வொன்றாகப் போகாமல் படையணிகளாகத்தான் போகும். படிக்கப் படிக்க எனக்கு ஆசையும் வந்தது, அடிவயிற்றில் ஏதோ செய்யவும் செய்தது.

“அண்ணே, எல்லாத்தையும் வைஸ்ராயே பாத்துக்கிட்டா நாம என்ன செய்ய?”

“ஏல, ராஜான்னா எல்லாத்தையும் அவனே செய்வானால? பெரிய பெரிய முடிவ மட்டும் எடுப்பான்.”

“கல்யாண வீட்டுக்காரன் பந்தில நின்னு எலைக்கு எலை பாத்துப் போட்டாத்தானண்ணே அவனுக்குக் கல்யாணம் நடத்துன மாதிரி இருக்கும்? சமையக்காரன், மண்டபக்காரன் எல்லாரும் பாத்துக்கிடுவாங்க, நீ மேடைல உக்காருன்னா அவனுக்கு அதுல என்ன இருக்கு?”

அண்ணன் பதில் சொல்லவில்லை. பத்திரிகை வேலையில் ஊறியவன் என்பதால் அது அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து, “புள்ளி இருக்குல்லா. நீ எந்தப் பந்தில நிக்கணும்னு நீயே தேர்ந்தெடுக்கலாம். அதான்ல வெளயாட்டே” என்றான். அது நல்ல பதில் என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். அதனால்தான் பின்னால் நடந்தது அவ்வளவு வலித்தது.

வெளியீட்டுத் தேதி தள்ளிப்போனது. பிறகும் தள்ளிப்போனது. ஆடி போய் மார்கழி வந்தது, மார்கழி போய் அடுத்த ஆடி வந்தது. நாங்கள் பழைய பாகத்தை ஆடிக்கொண்டே புதியதைப் பற்றிப் பேசினோம். தாமதம் எனக்குப் பெரிய கவலையாக இல்லை. அண்ணன் கடையிலும் நல்ல பத்திரிகைகள் தாமதமாகத்தான் வரும். என் கவலை வேறு. ஒவ்வொரு குறிப்பிலும் புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது. இதெல்லாம் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்தும், திரையின் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆள் ஒரு முறைக்கு என்னதான் செய்வான் என்பதற்கு எந்தத் தாளிலும் விடை இல்லை.

பிறகு அந்தச் செய்தி வந்தது. கவனப் புள்ளிகளை எடுத்துவிட்டார்கள். 2002இல் எம்ரிச்சும் குழுவை விட்டுப் போய்விட்டார். பிரிண்ட் எடுத்த தாளை அண்ணன் இரண்டு முறை படித்தான். “எடுத்தா எடுக்கட்டும்ல, மத்ததெல்லாம் இருக்குல்லா” என்றான். குரல் அதை நம்பவில்லை. எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஒரு விளையாட்டுக்காக ஒருவன் தூங்காமல் கிடப்பானா என்று கேட்டால், கிடந்தேன்.

மற்றவை எல்லாம் அந்தப் புள்ளிகளை நம்பித்தான் யோசிக்கப்பட்டிருந்தன. ஆடுகிறவர் எல்லாவற்றையும் பார்க்க மாட்டார் என்ற நம்பிக்கையில்தான் ஒவ்வொரு கிரகத்தையும் அத்தனை சிக்கலாக வைத்தார்கள். அந்தச் சிக்கல் வைஸ்ராய்க்கானது. புள்ளிகளை எடுத்துவிட்டால் அத்தனையும் ஆடுகிறவர் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும். எதைத் தொட்டாலும் செலவில்லை, எதைத் தொடாவிட்டாலும் நட்டமில்லை. அப்போது தேர்வு என்பதே இல்லாமல் போகும். சேர்த்ததில் பாதியைக் கழித்து, வைஸ்ராய் இல்லாத சிறிய விளையாட்டாக மாற்றியிருந்தால் பிழைத்திருக்கும். புள்ளிகளோடு முழுதாகக் கொண்டுவந்திருந்தாலும் பிழைத்திருக்கும் என்று நம்புகிறேன். உயிரான ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு அதற்காகப் பிறந்தவற்றை அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

விளையாட்டு வெளிவருவதற்குள் அண்ணனின் கடை போய்விட்டது. ஆஃப்செட் அச்சகங்கள் தாங்களே கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டன. அவன் ஷார்ஜாவில் ஓர் அச்சகத்தில் டிசைனராகச் சேர்ந்தான். 2003 பிப்ரவரி கடைசியில் ‘மாஸ்டர் ஆஃப் ஓரியன் 3’ வந்தது. சம்பளத்தில் முதலில் அதைத்தான் வாங்கினான் என்று பெரியம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்றைக்கு ஃபோன் செய்வான். அடுத்த மாதமே இராக் போர் தொடங்கிவிட்டது. பெரியம்மாவுக்கு ஷார்ஜா எங்கே, பாக்தாத் எங்கே என்று தெரியாது. “குண்டு சத்தம் கேக்கால? நல்லாத் திங்கியா?” என்று அழுதுகொண்டே கேட்டு முடித்த பிறகு ரிசீவர் என் கைக்கு வரும். நாங்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு வேறொரு விண்மண்டலத்தைப் பற்றிப் பேசுவோம்.

“எப்படிண்ணே இருக்கு?”

“இருல, இன்னும் பழகல.”

அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே பதில். அதற்கடுத்ததும் அதே. பழகிவிட்டால் பிடித்துவிடும் என்று அவன் தன்னிடமே சொல்லிக்கொண்டிருந்தான். ஒருநாள் மட்டும், “ஏல, நேத்து ராத்திரி ஒண்ணுஞ் செய்யாம டர்ன் பொத்தான மட்டும் அமுக்கிக்கிட்டே இருந்தேன். என் பேரரசு தானா வளருதுல” என்றான். அந்தக் குரலில் பெருமையில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஐ.எஸ்.டி. கட்டணம் ஓடிக்கொண்டிருந்தது.

லீவில் வந்தபோது பெட்டியோடு கொண்டுவந்தான். என் அறையில் என் கம்ப்யூட்டரில் போட்டோம். இனங்களைத் தேர்ந்தெடுக்கும் திரையில் முதலில் என் கரடிகளைத் தேடினேன். புல்ராத்தி இல்லை. பூனை முகம் கொண்ட மர்ஷானும் இல்லை, பறவைகளான அல்காரியும் இல்லை. இத்தனை காலம் என் படையாக இருந்தவர்களை நான் தேர்ந்தெடுக்கவே முடியாது என்பதை ஏற்றுக்கொள்ள நேரம் பிடித்தது. அண்ணனின் சைலான்கள் இருந்தார்கள். “நீயும் என்கூட வந்திருல” என்று நாற்காலியில் இடம் விட்டான். எதிரிகளாக ஆடிப் பழகிய நாங்கள் முதன்முறையாக ஒரே பேரரசை ஆண்டோம்.

அழகான இடங்கள் இருந்தன. இனங்களின் பூர்வகதைகளை ஒரு கலைக்களஞ்சியம் அளவுக்கு எழுதி வைத்திருந்தார்கள். விண்மண்டலத்தைத் திருப்பிப் பார்க்கும்போது நட்சத்திரங்களுக்கு இடையே பாதைகள் ஒளிர்வது பார்க்கப் பெரிதாக இருந்தது. கிரகத்துக்குள் நுழைந்தால் அட்டவணைக்குள் அட்டவணை. நான் ஓர் ஆலையை மாற்றி வைப்பேன், இரண்டு முறை கழித்துப் பார்த்தால் வைஸ்ராய் தன் விருப்பப்படி வேறொன்றைக் கட்டியிருப்பார். ஏன் என்று திரையில் எங்கும் சொல்லியிருக்காது. உழவர்களையும் தொழிலாளர்களையும் தூக்கி வைக்க அங்கே குட்டி மனிதர்கள் இல்லை, எண்கள் இருந்தன. நாங்கள் செய்தது எதுவும் எதையும் மாற்றியதாகத் தெரியவில்லை. ஒரு கட்டத்தில் அண்ணன் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு, என் அம்மா கொண்டுவந்து வைத்த பருத்திப்பாலைக் குடிக்கத் தொடங்கினான். ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு ‘ஓரியன்’ என்ற பெயர் இன்னும் ஒருமுறை கைமாறியது. அட்டாரி என்று பெயர் மாறியிருந்த இன்ஃபோகிராம்ஸ் திவாலானபோது 2013இல் நடந்த ஏலத்தில் வார்கேமிங் நிறுவனம் அதை வாங்கி, 2016இல் புதிதாக ஒன்றை வெளியிட்டது. பார்க்க நன்றாக இருந்தது, குரல் கொடுத்தவர்களும் நன்றாகச் செய்திருந்தார்கள். துணிச்சலாக எதையும் முயலவில்லை. அதை ஆடும்போது மூன்றாம் பாகத்தின்மேல் எனக்கிருந்த கோபம் குறைந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அது தோற்றாலும் பெரிதாக ஒன்றைக் கேட்டுத் தோற்றது.

என் அக்கா மகன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். அவன் காத்திருந்தது ‘கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்’ இரண்டாம் பாகத்துக்கு. முதல் பாகத்தில் ராக்கெட் கட்டிக் கட்டி வெடிக்கவிட்டே பௌதிகம் படித்தவன். இரண்டாம் பாகத்தில் வேறு நட்சத்திரங்களுக்குப் போகலாம், காலனி அமைக்கலாம், நண்பர்களோடு சேர்ந்து ஆடலாம் என்று 2019இல் அறிவித்தார்கள். 2020இல் வரவேண்டியது தள்ளித் தள்ளி 2023 பிப்ரவரியில் முன்வெளியீடாக வந்தது. சொன்ன அந்த மூன்றும் அதில் இல்லை, பிறகு சேர்ப்பதாகச் சொன்னார்கள். ராக்கெட்டே தடுமாறியது. 2024இல் வேலை நின்றுபோனது. நாங்கள் முழு விளையாட்டு வரும் என்று காசை வைத்துக்கொண்டு காத்திருந்தோம். இவன் தலைமுறை முடியாத விளையாட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு அதற்கு உள்ளே உட்கார்ந்து காத்திருக்கிறது. இது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. வராத ஒன்றைப் பற்றிக் கனவு காண எங்களுக்கு இடம் இருந்தது. அவன் ஒவ்வொரு வாரமும் குறைகளின் பட்டியலைப் படித்தான்.

“மாமா, ஒங்க காலத்துலயும் இப்படித்தானா?” என்று கேட்டான். ஓரியன் கதையைச் சொன்னேன். புள்ளிகளைப் பற்றிச் சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்தான். “அது நல்ல ஐடியாதான? யாரும் செஞ்சு பாக்கலியா?”

அண்ணன் ஊருக்கே திரும்பிவிட்டான். இந்தத் தசராவுக்குப் பாளையங்கோட்டையில் எல்லோரும் கூடியிருந்தோம். பகலில் வேலையில்லை, சப்பரங்கள் இரவில்தான் கிளம்பும். மருமகன் தன் லேப்டாப்பில் பழைய இரண்டாம் பாகத்தை ஏற்றி வைத்திருந்தான். அதை இன்றைக்கும் இணையத்தில் விற்கிறார்கள், டாஸ்பாக்ஸ் வழியாகப் புதிய கம்ப்யூட்டரிலும் ஓடுகிறது. அண்ணன் உள்ளே போய் ஒரு பழைய டைரியை எடுத்து வந்தான். கவனப் புள்ளிகளை இரண்டாம் பாகத்தில் எப்படி ஆடிப் பார்க்கலாம் என்று ஷார்ஜாவில் இருந்தபோது எழுதி வைத்த விதிகள். ஒரு முறைக்கு ஐந்து கிரகங்களைத்தான் தொடலாம். மற்றவற்றில் ‘ஆட்டோ பில்ட்’ பொத்தானை அழுத்திவிட்டு வந்துவிட வேண்டும். போரில் இறங்கினால் அதற்கு இரண்டு புள்ளி. வைஸ்ராய் இல்லாத விளையாட்டில் அந்தப் பொத்தான்தான் வைஸ்ராய்.

மூன்று பேரும் உட்கார்ந்தோம். அண்ணனுக்கு சைலான், எனக்குப் புல்ராத்தி, மருமகனுக்குக் கல்லைத் தின்று வாழும் சிலிக்காய்டுகள். முதல் மணி நேரம் எந்த வித்தியாசமும் இல்லை, கிரகங்கள் ஐந்துக்கும் குறைவு. பேரரசு வளர்ந்த பிறகுதான் விதி கடித்தது. எல்லைக் கிரகத்தைக் கவனித்தால் ஆராய்ச்சிக் கிரகம் தானாகப் போகிறது. எதை விடுவது என்பதற்கே நான் நெடுநேரம் யோசித்தேன். பின்பாதியில் யோசிக்காமல் அழுத்திக்கொண்டே போகும் அந்தப் பழைய சலிப்பு வரவேயில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்த அண்ணன், “எப்படில?” என்றான்.

“நல்லாத்தான் இருக்குண்ணே.”

“பெரியமாமா, இது அநியாயம்” என்றான் மருமகன். “இந்தப் பொத்தான் என் கிரகத்துல வேண்டாத கட்டடமாக் கட்டுது. ஆளே இல்லாத எடத்துல பட்டாளத்துக்கு வீடு கட்டிருக்கு.”

“வைஸ்ராய்னா அப்படித்தாம்ல கட்டுவான். ஒரு புள்ளியச் செலவு பண்ணி இடிச்சுக்கோ.”

“அப்ப அஞ்சு பத்தாது. ஏழாக்குங்க.”

“ஏழு ரொம்பச் சாஸ்தி. அப்புறம் பழைய கதைதான்.”

ஆறு என்று முடிவானது. அண்ணன் டைரியில் ஐந்தை அடித்துவிட்டு ஆறு என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டான்.